கோடு இல்லாத வண்டி

இரும்பு அலமாரியின் பூட்டு மூன்றாவது தடவையும் திறக்கவில்லை. சாவியைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தாள். யார்டு காவல்காரர் வந்து கதவை ஒரு உதை உதைத்தார். திறந்துகொண்டது.

"அவனும் இப்படித்தாம்மா தொறப்பான்" என்றவர், ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது போல வெளியே போய் நின்றுகொண்டார்.

உள்ளே ஒரு சட்டை, ஒரு சீப்பு, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். அடியில் அவள் தேடி வந்த அடையாள அட்டை. அது இல்லாமல் ஆஸ்பத்திரியில் தம்பியின் உடலைத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அட்டைப் படத்தில் அவன் சிரிக்காமல் இருந்தான். சிரிக்காத தம்பியை அவள் அதில்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

அந்தச் சரக்கு யார்டில் அவனுடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ஹோல்டான் என்றால் தெரியும். லாரி பின்னால் வரும்போது பின்மூலையில், டிரைவரின் கண்ணாடிக்குத் தெரிகிற இடத்தில் நின்று "வா, வா, வா" என்று கையாட்டி, கடைசியில் "ஹோல்டான்" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துவதுதான் அவன் வேலை. பதினாறு சக்கர வண்டியையும் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்த வைத்துவிடுவான். வீட்டில் சோறு போடும்போதும் போதும் என்று சொல்ல மாட்டான், ஹோல்டான் என்பான். நேற்று மூன்று மணிக்கு அவனைச் சுவரோடு வைத்து நசுக்கிய வண்டியை ஓட்டியவர் அவளுடைய கணவர்.

அட்டையோடு ஆபீஸ் வாசலைத் தாண்டும்போது மேனேஜர் எழுந்து வந்தார். நல்ல மனிதர். என்ன சொல்வதென்று தெரியாதவர்கள் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்லம்மா. எறங்கி சுத்திப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுத்திருக்காரு. ஸ்டேஷன்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கு. தம்பிதான் தேவையில்லாம பின்னாடி போயிட்டாரு. மத்தியானம் வண்டியப் பரிசோதிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்லேர்ந்து ஆளு வருது. அதோட முடிஞ்சிடும்."

"நான் வண்டிய ஒரு தடவ பாக்கலாமா?"

"எதுக்கும்மா உங்களுக்கு" என்றார். ஆனால் தடுக்கவில்லை.

வண்டி, சரக்கு இறக்கும் மூன்றாவது மேடை முன்னால் அப்படியே நின்றது. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். இரண்டு நாள் சுண்ணாம்புக் கல் ஏற்றி வந்த வண்டி. தலை முதல் வால் வரை மாவு சலித்துப் போட்டதுபோல வெள்ளைத் தூசி.

கணவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியைப் பின்னால் எடுக்கும் முன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குவார். வலது உள்ளங்கையை வண்டியின் மேல் வைத்து, எடுக்காமல், ஒரு முழுச் சுற்று வருவார். மழையாக இருந்தாலும் சரி, முதலாளியே நின்று கத்தினாலும் சரி. கண்ணு ஏமாத்தும், கை வச்சா கால் நிதானமா நடக்கும் என்பார். சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டை ஏதாவது வழியில் கிடந்தால் அந்தச் சுற்றில்தான் காலால் தள்ளுவார். அவர் சுற்றிய வண்டியில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு விழுந்திருக்கும். "வண்டிக்கு அரைஞாண் கட்டியாச்சா?" என்று யார்டே கேலி செய்யும். பதினோரு வருஷமாக அந்தக் கைக்கென்று வீட்டில் தனி சோப்பு வைத்திருக்கிறாள்.

அவள் கயிற்றுக்கு வெளியிலேயே நடந்தாள். இடது பக்கம் தூசி கலையவில்லை. வலது பக்கமும் கலையவில்லை. டிரைவர் கதவின் கைப்பிடியைச் சுற்றி மட்டும் நாலு விரல் பட்டிருந்தது. பின்பக்கத்தை அவளால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. மேடைச் சுவருக்குக் கீழே ஒரு முட்டுக்கட்டை கிடந்தது. அதைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது. வண்டி வருகிற வழியில் கட்டை கிடந்திருக்கிறது. மாமா இறங்கித் தள்ளவில்லையே என்று தம்பி தள்ளப் போயிருக்கிறான்.

நேற்றுக் காலையில் அவள்தான் கணவருக்குப் போன் செய்திருந்தாள். பிள்ளைக்குப் பல் பிடுங்கணும், நாலு மணிக்கு டாக்டர், இன்னைக்காவது நேரத்துக்கு வாங்க என்று. கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னாள்.

காவல்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். அவள் கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தாள். கை வைத்து ஒரு சுற்று வந்தால் கோடு விழுந்துவிடும். நூறு அடி இருக்குமா? தம்பி போய்விட்டான். இனி அவன் வரப்போவதில்லை. இவரும் ஜெயிலுக்குப் போய்விட்டால் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவளுக்குப் பயமாக இருந்தது. வலது கையைத் தூக்கினாள். தூசிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது.

பிறகு கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பத்து மணிக்குள் உடல் வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவசரக்குடுக்கை. எட்டு மாசத்துலயே பொறந்தவன், வயித்துக்குள்ளயே அவசரம். மாப்பிள்ளை எறங்கிப் பாத்துட்டுத்தான் எடுத்தாரு. இவன் போய் நடுவுல நின்னா அவரு என்ன பண்ணுவாரு?"

ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மகனின் தப்பு கொஞ்சம் கூடியது. நடுவில் எழுந்து போய் மருமகனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "நீங்க மனசு ஒடிஞ்சு போயிடாதீங்க மாப்பிள்ளை. எனக்கு இனிமே நீங்கதான் பிள்ளை." அவர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, குடிக்காமல் வைத்திருந்தார்.

அவள் அவரைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"வண்டியப் பாத்துட்டு வந்தேன்."

அவர் டம்ளரைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தார்.

"தூசி அப்படியே இருக்கு."

அவளுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. கோடு போட்டிருப்பாள் என்று நினைத்தாரோ, போடவில்லையே என்று நினைத்தாரோ, முகத்தில் தெரியவில்லை. கையை விட்டுவிட்டார்.

"கண்ணாடியில தெரிஞ்சான்" என்றார். "வா வான்னுதான் சொன்னான். அப்புறம் தெரியல. தெரியலைன்னா அங்கேயே நிறுத்தணும். ஓரமா நகந்திருப்பான்னு நெனச்சேன். மணி மூணு ஆயிடுச்சேன்னு..."

"நான்தான் அவசரப்படுத்தினேன். தெரியும்."

"அத நான் சொல்லவே இல்ல."

"நீங்க சொல்ல மாட்டீங்க." அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "கட்டையத் தள்ளப் போனவன் அவன். அவன் வேலையத்தான் பாத்திருக்கான். அம்மா வாயால அவன அவசரக்குடுக்கைன்னு சொல்ல வச்சு அனுப்பாதீங்க. அத மட்டும் என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியாது."

"சொன்னா நான் வீட்டுல இருக்க மாட்டேன். தெரியும்ல?"

"தெரியும்."

உள்ளே யாரோ சுடுகாட்டுக்கு வேன் புறப்படணும் என்று குரல் கொடுத்தார்கள்.

தெரு குறுகல். முன்பக்கமாக உள்ளே நுழைந்து நின்ற வேனைத் திருப்ப இடமில்லை, பின்னாலேயே மெயின் ரோடு வரை எடுக்க வேண்டும். உடலை ஏற்றியாயிற்று. அம்மா உள்ளே பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வேன்காரர் ஹாரனை அடித்துவிட்டு ரிவர்ஸ் போட்டார்.

"இருப்பா" என்றார் கணவர். "எஞ்சின நிறுத்து."

வேனின் மூக்கில் வலது கையை வைத்தார். நடக்கத் தொடங்கினார். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. இடது பக்கம் முழுக்கப் போய், பின்பக்கம் திறந்திருந்த கதவருகே வந்ததும் நின்றார். கை வண்டி மேலேயே இருந்தது.

"அத்தை, நேத்து நான் எறங்கல. இந்த மாதிரி சுத்தி வரல. அவன் மேல தப்பு இல்ல. ஆபீஸ்லயும் ஸ்டேஷன்லயும் போய்ச் சொல்லிடுறேன்."

அம்மா அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் திட்டவில்லை. குனிந்து மகனின் கன்னத்தைத் துடைத்தாள். காலையிலிருந்து அவனைத் திட்டிக்கொண்டே இருந்த வாய், "வலிச்சுதாடா?" என்று கேட்டது.

கணவர் மிச்சச் சுற்றையும் முடித்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். வேன் அழுக்கில் கறுத்துப்போன உள்ளங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உடம்பிலிருந்து தள்ளியே வைத்திருந்தார்.

"பின்னாடி யாரு நிக்கிறது?" என்று வேன்காரர் கேட்டார்.

ஒருவரும் அசையவில்லை. எப்போதும் அந்த இடத்தில் நிற்கிறவன் வண்டிக்குள் படுத்திருந்தான்.

அவள் நடந்து போய்ப் பின்மூலையில் நின்றாள். கண்ணாடியில் வேன்காரரின் கண் தெரிகிற வரை ஒரு எட்டு நகர்ந்தாள். கையைத் தூக்கி ஆட்டினாள். குரல் வரவில்லை. வண்டி மெதுவாகப் பின்னால் வந்தது, பக்கவாட்டில் அந்தக் கோட்டோடு. அவள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனாள்.