குகநாதனுக்குக் கிரந்தி

பரிமாறுகிறவன் ஆவி பறந்த சட்டியை அப்படியே மேசையில் கவிழ்த்தான். தட்டு இல்லை, கிண்ணம் இல்லை. விரித்திருந்த தாளின்மேல் நண்டும் இறாலும் சோளமும் சிவப்பாகக் குவிந்தன. மூலையில் அக்கார்டியன்காரன் காலால் தாளம் தட்டி வாசித்துக்கொண்டிருந்தான். புருசன் குகநாதனை எரிக்கக் கொடுத்துவிட்டு நேரே இங்கு வந்திருந்த சந்திரமதி அந்தக் குவியலையே பார்த்தாள்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களைக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு கொடுப்பது சுவிஸ்காரரின் வழக்கம். குகநாதன் வேலை செய்த சலவைத் தொழிற்சாலையின் முதலாளி, அவருக்குப் பிடித்த இடமென்று ஓர்லிகோனில் இந்தக் கடையைப் பாட்டுக்காரரோடு சேர்த்தே ஒழுங்குபண்ணிவிட்டான். அமெரிக்காவின் லூசியானாப் பக்கத்துக் கேஜன் சமையலாம். எட்டாம் நாள் எட்டுச்செலவு முடியாமல் மச்சம் மாமிசம் தொடக்கூடாதென்று குகநாதனின் தமையன் இராஜசிங்கம் வாசலிலேயே முணுமுணுத்தார். போகாவிட்டால் மரியாதையில்லை, சோளத்தைச் சாப்பிடுவோம் என்றான் சந்திரமதியின் மகன் கிஷோபன். நண்டோடு அவிந்த சோளம் எந்தச் சைவத்தில் சேர்த்தி என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிடித்த இடமா? நண்டு தனக்குக் கிரந்தி, தின்றால் உடம்பெல்லாம் தடித்துக் கடிக்கும் என்று கலியாணமான அடுத்த வருடமே சொன்ன மனுசன். நண்டென்றால் உயிரை விடுகிற சந்திரமதி அன்றோடு அதை வாங்குவதையே விட்டாள்.

எதிரே மேர்சி இருந்தாள். சலவையில் அவரோடு ஒரே மெஷினில் நின்றவள். அழுது கண் வீங்கியிருந்தது. தன் கண்ணைவிடக் கூடுதலாகவே வீங்கியிருந்ததைச் சந்திரமதி கவனித்தாள். மாதக் கடைசி வெள்ளியில் வேலையாட்கள் எல்லாரும் இங்கேதான் வருவார்கள் என்றாள் மேர்சி. அண்ணை பாட்டுக்கு எழும்பி ஆடுவாராம். நண்டை உடைத்துச் சதையை எடுத்துப் பக்கத்திலிருப்பவர்களுக்கு வைப்பாராம்.

ஆடினாரா? பெற்ற மகனின் கலியாணத்தில்கூடக் கதிரையை விட்டு எழும்பாதவர். சந்திரமதிக்குப் பற்றி எரிந்தது.

“உங்களுக்கும் உடைச்சுத் தந்தவரோ?”

“ஓம் அக்கா.”

மேர்சி மேசைக்கு மேலால் குனிந்து கிட்ட வந்தாள்.

“ஏன் வீட்டிலை நண்டு சாப்பிடிறேல்லை எண்டு ஒருக்கா கேட்டனான். ‘அவ சதை முழுக்க எனக்குப் போட்டிட்டு வெறும் நண்டுக்காலைச் சூப்பிக்கொண்டு இருப்பா. பாத்துக்கொண்டு எனக்கு எப்பிடி இறங்கும்? அவவாவது வடிவாத் தின்னட்டும் எண்டுதான் கிரந்தி எண்டு சொன்னனான்’ எண்டார். நீங்கள் வாங்கிறதையே விட்டிட்டியளாம். பிறகு பொய் எண்டு சொல்ல அவருக்கு வெக்கம்.”

கேட்டதும் ஆறவில்லை. இன்னும் கூடத்தான் எரிந்தது. இத்தனை வருடத்தில் தன்னைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தை இது ஒன்றுதான். அதுவும் இவள் காதுக்குத்தான் போயிருக்கிறது. வீட்டில் இல்லாத வாய் அவருக்கு இங்கே இருந்திருக்கிறது.

மேர்சி ஒரு நண்டைப் பிளந்து சதையை எடுத்து நீட்டினாள்.

“வேண்டாம். எனக்கு உடைக்கத் தெரியும்.”

குவியலில் இருந்ததிலேயே பெரிய நண்டைச் சந்திரமதி தன் முன்னால் இழுத்தாள். மச்சமெல்லோ பிள்ளை என்று இராஜசிங்கம் சொன்னது காதில் விழுந்தது. ஓட்டைக் கழற்றி, நடுவால் முறித்து, வெள்ளைச் சதையை விரலால் தோண்டி வாயில் வைத்தாள். மென்று விழுங்கினாள். திரும்பவும் தோண்டினாள்.

கால்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து மேர்சியின் பக்கம் தள்ளிவிட்டாள்.