மூப்பரின் மூக்கு

மூப்பருக்குச் சபையில் யாரையும் பிடிக்காது. தையல்காரம்மா வாயாடி. வங்கிக்காரர் வடிகட்டின கஞ்சன். பாடகர் குழு மொத்தமும் தண்டம். அப்பமும் ரசமும் தரும் திருவிருந்துக்கு முன்னால் போதகர் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, "அவங்கவங்க தன்னைத்தானே சோதிச்சுப் பாருங்க" என்று கொஞ்ச நேரம் மௌனமாக விடுவார். அந்த நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் ஒரே ஆசாமி மூப்பர்தான். தன்னிடம் சோதிக்க என்ன இருக்கிறது, சொக்கத் தங்கம்! அதனால் மற்றவர்களைச் சோதிப்பார்.

அந்த ஞாயிறு, ஆலயத்துப் புல்தரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தவனை வாய்க்கு வந்தபடி திட்டி, சைக்கிளைத் தானே நகர்த்திப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். மௌனம் தொடங்கியிருந்தது. நடுப்பாதையின் வெள்ளை விரிப்பில் நாலடி வைப்பதற்குள் குப்பென்று ஒரு நாற்றம்.

விடுவாரா? மூக்கை நிமிர்த்திக்கொண்டு வேட்டையில் இறங்கினார். முன் வரிசையில் தையல்காரம்மா, மூடிய கண்ணோடு தன் முந்தானையை மெல்ல முகர்ந்துகொண்டிருந்தாள். ஓகோ, இவளுக்கே சந்தேகம்! அந்தப் பக்கம் வங்கிக்காரர் குனிந்து தன் ஷூவைத் தடவிப் பார்த்தார். இவருக்குமா? எல்லாம் அழுக்கு மூட்டைகள் என்று மூப்பர் முகத்தைச் சுளித்தார். அப்போதுதான் கடைசி பெஞ்சில் குழாய்க்காரர் கண்ணில் பட்டார். ஊர்ச் சாக்கடை அடைப்பெல்லாம் எடுப்பவர். இரண்டு வருடமாக ஆலயப் பக்கமே எட்டிப் பார்க்காதவரை, இன்றைக்காவது திருவிருந்து எடுக்கட்டும் என்று மனைவி கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தாள்.

மூப்பர் நேரே போய் அவர் காதருகே குனிந்தார்.

"என்னப்பா, வேலைக்குப் போன கையோட வந்துட்டியா?"

"இல்லீங்களே. சோப்புப் போட்டு ரெண்டு தடவை குளிச்சிட்டுத்தாங்க வந்தேன்."

"அப்போ இது என்ன, அத்தர் வாசனையா? ஆண்டவரோட மேசைப்பா இது. சந்தையா?"

குழாய்க்காரர் தன் கையை முகர்ந்து பார்த்தார். முகம் சுண்டிப் போனது. மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அவரு கெடக்காரு. நீங்க உக்காருங்க."

"இல்லம்மா, இருந்தாலும் இருக்கும். எனக்குப் பழகிப் போயிருக்கும்ல" என்று எழுந்து வெளியே போனார்.

மூப்பர் வெற்றி வீரராக முன்னால் நடந்தார். நாற்றம் கூடவே வந்தது. ஆள் போயும் வீச்சத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறான் பார், பீடை! என்று கறுவிக்கொண்டே, முதல் ஆளாகப் பீடத்தின் முன் மண்டியிட்டார்.

போதகர் மணி அடித்தார். எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். மூப்பர் திரும்பிப் பார்த்தார். வெள்ளை விரிப்பில் பழுப்பு நிறத் தடம். வாசலில் தொடங்கி, தையல்காரம்மாவை விசாரித்து, வங்கிக்காரரை விசாரித்து, கடைசி பெஞ்சருகே அப்பிக்கொண்டு நின்று, அங்கிருந்து நேரே திரும்பி வந்திருந்தது. மண்டியிட்டதில் சபையைப் பார்த்து நிமிர்ந்து நின்ற அவருடைய ஷூவின் அடியில்தான் அது முடிந்தது. புல்தரையில் மிதித்த நாய்ப் பீ.

ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் வெறும் காலுறையோடு வெளியே வந்தார். சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று ஊருக்கெல்லாம் வைத்திருந்த கேள்வி முதல் முறையாக அவரிடமே வந்து நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

குழாயடியில் குழாய்க்காரர் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் சிவந்துவிட்டது. மூப்பரைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினார்.

"இப்பப் போயிருச்சாங்க? மோந்து பாருங்களேன்."

மூப்பர் குனிந்து முகர்ந்தார். சோப்பு வாசனை மட்டும்தான்.

"நாத்தம் உங்கமேல இல்லீங்க" என்று ஷூவைத் தூக்கிக் காட்டினார். "எங்கிட்டத்தான். என்னை மன்னிச்சிருங்க."

குழாய்க்காரர் ஷூவைப் பார்த்தார். மூப்பரைப் பார்த்தார். பிறகு சோப்பை அவர் கையில் வைத்தார்.

"நல்லாத் தேயுங்க. சம்சாரம் காத்துக்கிட்டிருக்கும், நான் உள்ள போறேன்."

மூப்பர் தேய்த்தார். உள்ளே பாட்டுத் தொடங்கி, முடிந்தும் போனது. ஷூ சுத்தமான பிறகும் உள்ளே போக அவருக்குக் கால் எழவில்லை.