பள்ளத்தில் விழுந்த முகம்

காசு போட்டால் ஓடும் சலவை மெஷின்கள் நான்கு இருந்த அந்தக் கடையில், பெரியது மட்டும் உயிரை விட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. போர்வையும் திரைச்சீலையும் கொண்டுவருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தெருக் கடைக்கு நடந்தார்கள். இன்றைக்குப் போர்வை போனால் நாளைக்குச் சட்டையும் போய்விடும் என்பது கடைக்காரிக்குத் தெரியும். எப்படியாவது பெரிய மெஷின் ஒன்று வாங்கியாக வேண்டும். அதனால்தான் காசுப்பெட்டியில் கிடைத்த அந்த விசித்திரக் காசைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு நாணய வியாபாரியின் மாடிப்படி ஏறினாள்.

காசின் ஒரு பக்கம் மற்றக் காசுகளைப் போலத்தான் இருந்தது. எதிரே நிற்பவரை நேராகப் பார்க்கும் ஒரு பெண்ணின் முகம், புடைப்பாக. திருப்பினால், எண் இருக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் அதே முகம். ஆனால் பள்ளமாக, சுற்றியிருந்த எழுத்துகளெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி.

வியாபாரி பூதக்கண்ணாடியை எடுத்தார். வாயிலிருந்த பிஸ்கட்டை மெல்ல மறந்துபோனார்.

"கள்ளக்காசா சார்?" என்றாள்.

"கள்ளக்காசு பண்றவனுக்கு இதெல்லாம் வராதும்மா. காசு அடிக்கிற இடத்துலயே நடந்த தப்பு இது. ஒரு காசை அடிச்சதும் அது கீழ விழுந்துடணும். இதுக்கு முந்தின காசு விழல, மேல் அச்சுலயே ஒட்டிக்கிச்சு. அடுத்து வந்த வெறும் வில்லை மேல அச்சுக்குப் பதிலா அந்தக் காசோட முகம் போய் அழுந்திடுச்சு. அதுவும் முதல் அடி! ஒட்டின காசு நாலஞ்சு அடி வாங்கினா நசுங்கிடும், அப்புறம் விழறதெல்லாம் மங்கல்தான். இங்க பாருங்க, இமை கூடக் கலையல."

"அப்போ நல்ல விலை போகும்?"

வியாபாரி காசைப் புடைப்புப் பக்கமாகத் திருப்பினார். அவர் முகம் சுருங்கியது.

"இந்தப் பக்கத்தைத் தேய்ச்சது யாரு?"

கணவர் தலையைச் சொறிந்தார். "தேய்க்கலங்க. சோப்புத்தண்ணி பட்டுக் காசெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும். அதான் சாயங்காலம் மொத்தத்தையும் ஒரு காலுறைக்குள்ள போட்டு முடிஞ்சு, துண்டுங்களோட மெஷின்ல ஓட்டிடுவேன்."

"காலுறைக்குள்ளயா!"

"எதைக் கண்டாலும் துவைச்சாகணும் சார் இவருக்கு," என்றாள். "என்னை இன்னும் உள்ள போடல, அது என் அதிர்ஷ்டம்."

வியாபாரிக்குச் சிரிப்பு வரவில்லை. "தப்பு எவ்வளவு அபூர்வமா இருந்தாலும், தேய்ஞ்ச காசுன்னா சேகரிக்கிறவங்க கையை எடுத்துடுவாங்கம்மா. பாதி விலை கூடத் தேறாது."

வாசலோடு திரும்பிப் போகும் போர்வை மூட்டைகள் அவள் கண்முன் வந்தன.

வியாபாரி மனசில்லாமல் பள்ளப் பக்கத்தை விளக்கடியில் சாய்த்தார். அப்படியே நின்றார்.

"அடடா... துணி உள்ள போகவே இல்ல!"

உருண்டு புரண்ட காலுறையால் மேட்டைத்தான் தேய்க்க முடிந்திருந்தது. குழிக்குள், அச்சிலிருந்து விழுந்த அன்றைய பளபளப்பு அப்படியே இருந்தது. காசைச் சாய்க்கச் சாய்க்க, வெளிச்சம் சக்கரத்தின் ஆரங்கள்போல அந்த முகத்தைச் சுற்றி ஓடியது.

"இந்தப் பக்கத்துக்காகத்தான் வாங்குவாங்க. அந்தப் பக்கத்தால கொஞ்சம் குறையும்," என்று ஒரு தொகையைச் சொன்னார். புது மெஷினுக்குக் காணாது. நன்றாக ஓடும் பழையது ஒன்றுக்குத் தாராளமாகக் காணும்.

அவள் பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தாள். முதலில் பள்ளம் தெரிந்தது. பிறகு, எப்போது என்று தெரியாமலே, பள்ளம் புடைப்பாகிவிட்டது. அவள் தலையை இடப்பக்கம் நகர்த்தினாள். காசிலிருந்த பெண்ணும் கூடவே திரும்பினாள். வலப்பக்கம் போனாள். அவளும் வந்தாள். ஒரு இயந்திரம் கண நேரம் தடுமாறியதில் பிறந்த முகம், உலகத்தில் வேறு யாருமே இல்லாததுபோல அவளையே பார்த்தது. கடைக்காரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"என்னைப் பார்க்கிறாங்க," என்றாள் கிசுகிசுப்பாக.

கணவரும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, கொக்குபோலக் கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "ஏய்... என்னையும்தான்! இதையா விக்கப் போற?"



"வித்துடலாங்க. மெஷின் வேணும்," என்றாள், கண்ணை எடுக்காமல். "சார், இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கிறேன்."

வியாபாரி விளக்கை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.