தந்தியிடம் கேட்ட தள்ளுபடி

என் இடது கை விரல் நுனிகளின் விலை நூற்றுக்கு ஒன்றேகால். துணிச் சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த விலைதான். கடைக்காரர் நூறுக்குத் துணி வாங்கினால் ஒன்றேகால் எனக்கு. அதற்கு நான் செய்வதெல்லாம், துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே வைத்து ஒரு தேய் தேய்த்துவிட்டு, "சுத்தப் பருத்தி", "கலப்பு", "இது ரெண்டு துவையலுக்கு மேல தாங்காது" என்று சொல்வதுதான். இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் விரலை நம்பியவர்கள் வீட்டுக்கு மேல் வீடு கட்டியிருக்கிறார்கள். நான் இன்னும் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது வேறு கதை.

அப்படிப்பட்ட விரல்களைக் கொண்டுபோய் இரும்புத் தந்தியில் வைத்தேன். காரணம் என் தங்கச்சி.

அவள் பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவள். "தடம் எண் பதினேழு" என்று அவள் சொன்னால், பதினேழில் ஏறத் தேவையில்லாதவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் கழுத்தில் தைராய்டு கட்டி ஒன்றை எடுத்தார்கள். கட்டி போயிற்று, கூடவே குரலின் மேல்மாடியும் போயிற்று. பேச்சில் கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். பாட்டுத்தான் வரவில்லை. அவளே கேட்டு, பயணிகள் மூட்டைகளை வைத்துவிட்டுப் போகும் அறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அடுப்படியில்கூட முணுமுணுப்பதில்லை என்று அவள் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். சொல்லும்போது, பர்ஸைத் தொலைத்தவர் மாதிரி சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம் அவள் வந்தபோது, என் மனைவி அலமாரி மேலிருந்து என் பழைய கிட்டாரை இறக்கி, வேண்டாத சாமான்களோடு வாசலில் வைத்திருந்தாள். தங்கச்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, நீ வாசி. நான் பாடிப் பாக்குறேன்."

இரண்டு வருடம் பாட வாய் திறக்காதவள். நான் பதறாமல், பாதி விலைக்கு நல்ல சரக்கைக் கண்டவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வானோ அப்படி வைத்துக்கொண்டேன்.

"என்ன பாட்டு?"

"நம்ம பாட்டுதான்."

அவளுக்குப் பதினாறும் எனக்கு இருபத்துநாலுமாக இருந்தபோது நாங்களே கட்டிய பாட்டு. வரிகள் அவளுடையவை, மெட்டு என்னுடையது. மூன்றாவது வரியில் மெட்டு திடீரென்று மேலே ஏறும். அந்த வயதில் எனக்கு ஏறுவதில்தான் ஆசை.

"கொஞ்சம் தணிச்சு எடுத்துக்கலாமே," என்றேன்.

"தணிச்சா? தணிச்சுப் பாடறதுக்கு நான் எதுக்கு? பழைய சுருதிதான். வந்தா வருது. வரலன்னா அந்தப் பொட்டியத் தூக்கிப் போட்டுடுங்க அண்ணி. அதோட என்னையும்."

புதுத் தந்திகள் மாட்டினேன். முதல் நாள் என் வாசிப்பு, தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரி இருந்தது. அவள் முதல் இரண்டு வரிகளைப் பாடினாள். மூன்றாவதில் குரல் பிளந்தது. உடனே நிறுத்தி, தண்ணீர் குடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு" என்றாள். அந்த 'நாளைக்கு'க்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

வேலை முடிந்து தினமும் ஐந்து மணிக்கு வருவாள். அதற்குள் நான் தேறியாக வேண்டும். காலையில் ஒன்றரை மணி நேரம் விடாமல் வாசித்தேன். மூன்றாம் நாள், நான்கு விரல் நுனிகளிலும் பொத்தானுக்குக் காஜா எடுத்த மாதிரி ஒவ்வொரு கோடு பள்ளமாக விழுந்திருந்தது. காபி டம்ளரைத் தொட முடியவில்லை. சட்டைப் பொத்தான் போட மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. "கல்யாணமான புதுசுல கூப்பிட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்," என்றாள்.

வைத்தியம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? மருந்துக்கடைக்காரர் ஸ்பிரிட் தடவச் சொன்னார், தோல் சீக்கிரம் காயுமாம். தையல்காரர் ஒரு படி மேலே போய், தான் போட்டிருந்த விரலுறையைக் கழற்றிக் கொடுத்தார். மனைவி ஐஸ் தண்ணீர்க் கிண்ணத்தை முன்னால் வைத்தாள். அதில் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு நிமிடம் சுகமாக இருந்தது. மூன்றாவது நிமிடம் எழுந்து நடக்க வேண்டும்போல் இருந்தது. நடந்தால் வாசிக்க வேண்டும்போல் இருந்தது. வாசித்தால் கிண்ணத்தைத் தேடினேன்.

நான்காம் நாள் சந்தையில் மானம் போனது. நான் துணி பார்த்துக் கொடுக்கும் கடைக்காரர்களில் பெரியவர் ஒருவர். எதை வாங்கினாலும் மேலே அரைமீட்டர் இனாம் கேட்பார் என்பதால் அவர் பெயரே அரைமீட்டர். ஒரு கட்டுத் துணியின் ஓரத்தை நீட்டினார். தேய்த்தேன். நெருப்பு மாதிரி எரிந்தது. வழுவழுப்பும் தெரியவில்லை, முரடும் தெரியவில்லை, எரிச்சல்தான் தெரிந்தது.

"கலப்பு," என்றேன்.

விற்க வந்தவன் சிரித்தான். ஒரு நூலை உருவி, தீக்குச்சியால் கொளுத்திக் காட்டினான். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. சுத்தப் பருத்தி. கலப்பாக இருந்தால் உருகி உருண்டையாகியிருக்கும்.

அடுத்த கட்டை வலது கையால் தொட்டுப் பார்த்தேன். அந்தக் கைக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. வேறு வழியில்லாமல் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

"யோவ்," என்றார் அரைமீட்டர், "துணியப் பாக்கத்தான் சொன்னேன். கொஞ்சச் சொல்லல." பிறகு சுற்றியிருந்தவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, காதருகே வந்து, "திங்கக்கிழமைக்குள்ள வெரல சரி பண்ணு. இல்ல, வேற வெரலப் பாத்துக்குவேன்," என்றார்.

நேரே கிட்டார் ரிப்பேர் கடைக்குப் போனேன். ரிப்பேர்காரர் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தன வருஷம் கழிச்சு எடுத்தீங்க?"

"இருபத்தாறு."

"எடுத்த வேகத்தப் பாத்தா இருபத்தாறு வருஷத்தையும் ஒரே வாரத்துல வாசிச்சு முடிச்சிடுவீங்க போல. ஒன்றரை மணி நேரம் எவன் வாசிக்கச் சொன்னது? பத்துப் பத்து நிமிஷமா மூணு தடவ போதும். அப்புறம், கட்டத்துக்கு நடுவுல அழுத்தாதீங்க, முன்னால இருக்கிற குறுக்குக் கம்பிய ஒட்டி அழுத்துங்க. பாதி பலம் போதும். தண்ணில ஊறின வெரலோட தந்தியத் தொடவே கூடாது, தோல் உரிஞ்சிடும்."

"இன்னிக்கே வலி குறையணும்னா?"

"தந்தி பலகைய விட்டு ரொம்பத் தூக்கலா நிக்குது. விட்டுட்டுப் போங்க, இறக்கித் தரேன். ரெண்டு நாளாகும்."

"அஞ்சு மணிக்கு வேணும்."

அவர் பெருமூச்சு விட்டார். "அப்போ ஆறு தந்தியையும் ஒரே அளவா ரெண்டு படி தளர்த்துங்க. வெரல் வைக்கிற எடமெல்லாம் அதேதான். அழுத்தம் குறையும், வலிக்காது. பாட்டு மட்டும் ரெண்டு படி கீழ இறங்கும். கூடப் பாடுறவங்க யாரும் இருக்காங்களா?"

"இல்ல," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. மலிவாகக் கிடைக்கும்போது கேள்வி கேட்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை, அதுவாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து தளர்த்தினேன். தந்திகள் தொளதொளத்துக் கொஞ்சம் இரைந்தன. ஆனால் விரலுக்கு எவ்வளவு இதம்! சத்தியமாக, அவள் தொண்டையை நினைத்துத் தளர்த்தவில்லை. என் விரலை நினைத்துத்தான் தளர்த்தினேன்.

ஐந்து மணிக்கு வந்தாள். என் விரல்கள் எந்தக் கட்டத்தில் உட்காருகின்றன என்று எப்போதும்போல் உற்றுப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே சுருதியை அவள் என் விரலைப் பார்த்துத்தான் கணக்கு வைப்பாள். விரல்கள் பழைய இடத்திலேயே உட்கார்ந்தன.

"என்ன இரையுது?"

"பழைய கிட்டார் இல்லையா, இரையத்தான் செய்யும்."

பாடினாள். முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் மேலே போனாள். போய் அங்கே நின்றாள். உடையவில்லை. குரலில் அந்தக் கரகரப்பு இருந்தது. ஆனால் நின்றாள்.

பாட்டை முடிக்காமல் கழுத்துத் தழும்பில் கையை வைத்துக்கொண்டாள். "அண்ணா, வந்துருச்சு."

மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள். தங்கச்சி தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, அந்த ஒரு வரியை மட்டும் பாடிக் காட்டினாள். "இருக்கீங்களா, இல்லையா?" என்று அதட்டினாள். இருந்திருக்கிறார் மனிதர். இன்னொரு தடவை பாடச் சொன்னார்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருப்பது எங்கள் தொழிலில் பாதி. அந்தப் பாதியை மட்டும் நன்றாகச் செய்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை, வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் டிப்போவின் நேரக் காப்பாளர் ஓய்வு பெறுகிறார். பாராட்டு விழாவில் பாட ஒப்புக்கொண்டுவிட்டாள். கண்டக்டர் ஒருவர் கீபோர்டு வாசிப்பாராம், பழைய சுருதியையே சொல்லிவிட்டாளாம். "பாடி முடிச்ச கையோட திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட மைக்கத் திருப்பிக் கேக்கப் போறேன்."

கீபோர்டுக்குத் தளர்த்தத் தந்தி கிடையாது. டிப்போ முழுக்க உட்கார்ந்திருக்க, மூன்றாவது வரியில் அவள் பிளந்து நிற்பாள். அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் வாய் திறக்க மாட்டாள்.

அவள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், மணி என்ன என்று மனதில் பதியாமல் மறுபடி பார்த்தேன். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

"ஏங்க, தரை தேயுது," என்றாள் மனைவி. "என்ன விஷயம்?"

சொன்னேன். நறுக்கிக்கொண்டிருந்த காயைக் கீழே வைத்தாள். "தூக்கிப் போட இருந்த கிட்டார எடுத்து, தூக்கிப் போட முடியாத வேலை பண்ணியிருக்கீங்க. நாளைக்குள்ள சொல்லிடுங்க. இல்ல, நான் சொல்லுவேன். நான் சொன்னா நல்லா இருக்காது."

வெள்ளிக்கிழமை அவள் பாட வாயெடுக்கும் முன்பே சொன்னேன். விரல் வலி, அரைமீட்டர், ரிப்பேர்காரர், இரண்டு படி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தினாள்.

"உன் வெரல் நோகுதுன்னு என் தொண்டைல கை வச்சியா?"

"தெரிஞ்சு செய்யல..."

"முந்தாநேத்து தெரியல. நேத்து தெரியும்ல? நான் ஞாயித்துக்கிழமைன்னு குதிச்சப்போ தெரியும்ல? எடைல ஏமாத்துறவனப் பாத்திருக்கேன், அளவுல ஏமாத்துறவனப் பாத்திருக்கேன். சுருதில ஏமாத்துறவன் என் வீட்லயே இருந்திருக்கான்." குரல் உயர்ந்தது, உயர்ந்த இடத்தில் கரகரத்தது, அது அவள் காதிலும் விழுந்தது. அப்படியே நிறுத்திக்கொண்டு போய்விட்டாள். போட்ட காபி போட்டபடி ஆடை கட்டியது.

சனிக்கிழமை ஐந்து மணி ஆனது. ஐந்தேகால் ஆனது. நான் தந்திகளை முழுக்க முறுக்கி ஏற்றினேன். பிறகு எதற்கு என்று இறக்கினேன். மறுபடி ஏற்றப் போனபோது வாசலில் செருப்புச் சத்தம்.

வந்தவள் என்னோடு பேசவில்லை. செல்போனைக் கிட்டார் அருகே வைத்தாள். திரையில் ஒரு முள் ஆடியது. தந்தி எந்தச் சுருதியில் நிற்கிறது என்று காட்டும் செயலி.

"இனிமே உன் வெரல நம்பறதா இல்ல," என்றாள். "மீட்டு."

மீட்டினேன். முள் சரியாக இரண்டு படி கீழே படுத்துக் கிடந்தது.

"முழுசா ஏத்து."

"முழுசா ஏத்தினா உனக்கு உடையும். கால் படி ஏத்தறேன், நாளாக நாளாகப் பாக்கலாம்."

"கால் படியா? பிச்சையா போடுற? ஒன்றரை."

"அரை."

"கீபோர்டுல ஒரு பொத்தான் இருக்காம். ஒரு தடவ அமுக்கினா ஒரு படி இறங்குமாம். கண்டக்டர்ட்ட ஒரு தடவதான் அமுக்கணும்னு சொல்லிட்டேன். ரெண்டாவது தடவ அமுக்கினா மேடையை விட்டு இறங்கிடுவேன்னும் சொல்லிட்டேன். அதனால ஒரு படி. பேசி முடிஞ்சுது."

முள்ளைப் பார்த்துக்கொண்டே ஆறு தந்திகளையும் ஒரு படி ஏற்றினேன். தந்திகள் இறுகின. விரல்கள் முறையிட்டன. கம்பியை ஒட்டி, பாதி பலத்தில் அழுத்தினேன்.

பாடினாள். மூன்றாவது வரியில் ஏறும்போது குரல் ஓரத்தில் கிழிந்தது. இந்த முறை அவள் நிறுத்தவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை. கிழிந்த குரலோடேயே மேலே போய், அங்கே தொட்டு, இறங்கி, நான்காவது வரியைப் பிடித்துக்கொண்டாள். நானும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடிப்பாள்போல் இருந்தது.

முடிந்ததும் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு, "திரும்பவும் முதல்லேருந்து," என்றாள்.

ஆக, அன்று ஆறு மணி நிலவரப்படி: அவளைக் கேட்காமல் இறக்கியது இரண்டு படி. கேட்டு ஏற்றியது ஒன்று. பாக்கி ஒன்று. தவணை இன்னும் பேசவில்லை.