கடுகளவுக் கல்

வந்ததும் வராததுமாகத் திரையைப் பார்த்தவளுக்குச் சுர்ரென்று தலைக்கேறியது. அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். வைத்தவர்கள் காரணமில்லாமலா வைத்தார்கள்?

"யாருய்யா இதைத் தொட்டது?"

பம்புக்குப் பின்னால் எதையோ முடுக்குவதுபோல் குனிந்துகொண்டார் டெக்னீஷியன். "நான் இல்லீங்க மேடம். நேத்து சாயங்காலம் சார் ரெண்டு பெரிய மனுஷங்களோட வந்தாரு. சும்மா ஒரு தடவை ஓட்டிக் காட்டுறேன்னு அவரே ஓட்டினாரு."

"சும்மா ஓட்டிக் காட்ட இது என்ன ராட்டினமா?"

அவள் கொதித்ததில் தப்பே இல்லை. வானத்திலிருந்து விழுந்த ஒரு கல். மற்றதெல்லாம் வேறு வேறு சோதனைகளில் கரைந்துபோக, உலகத்தில் மிஞ்சியிருந்தது இந்தக் கடுகளவுத் துணுக்கு ஒன்றுதான். பூமி உருவாவதற்கு முன்பே அதற்குள் சிக்கிக்கொண்ட கரிம மூலக்கூறுகள் என்னென்ன என்று பார்த்துச் சொல்லும்படி அதை இவளை நம்பிக் கொடுத்திருந்தார்கள். லேசரால் கல்லை இதமாகச் சூடுபடுத்தினால் மூலக்கூறுகள் மேலே எழும்பும். இன்னொரு லேசர் அவற்றுக்கு மின்னூட்டம் கொடுக்கும். அப்புறம் நீளக் குழாயில் ஓட்டப்பந்தயம்தான். லேசானது முதலில் வந்து சேரும், கனமானது பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். வந்த நேரத்தை வைத்து எடையைச் சொல்லிவிடலாம்.

ஆனால் முதல் லேசர் அளவோடு இருக்க வேண்டும். பவரை ஏற்றினால் மூலக்கூறுகள் கருகி உடையும். உடைந்த துண்டுகள் கண்டபடி ஒட்டிக்கொண்டு, கல்லில் இல்லவே இல்லாத பெரிய பெரிய உருப்படிகளாகத் திரையில் வந்து நிற்கும். அந்த அளவு பிடிபடத்தான் மாதக்கணக்கில் கண்ட பொடியையும் சுட்டுச் சுட்டுப் பார்த்தாள். கல்லை நேற்றுத்தான் உள்ளே வைத்தாள். காற்று முழுக்க வெளியேறட்டும் என்று பம்பைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். பம்பு ஓடும்போது யாரும் கை வைக்கக் கூடாது என்பது அங்கே கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும்.

இப்போது பவர் உச்சத்தில் நின்றது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். கல் இருந்த இடத்தில் புகைக்கறை மட்டும் இருந்தது. அடப்பாவி மனுஷா!

அந்த மனுஷர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். கூடத்தின் தலைவர், அவளுடைய அக்காவின் கணவர். இங்கே சார், வீட்டில் அத்தான். கோபம் வந்தால் எது வாயில் வரும் என்று அவளுக்கே தெரியாது.

"பார்த்தியா, எவ்வளவு பெரிய மூலக்கூறுங்க! மத்தியானம் பத்திரிகைக்காரங்களை வரச் சொல்லிட்டேன்."

"அத்தான், அது கல்லுல இருந்து வந்ததில்ல. நீங்க செஞ்சது."

"எடுத்தேன் கவிழ்த்தேன்னு பேசாதே."

"பேசல. காட்டுறேன், நில்லுங்க."

கறை படிந்த தட்டை எடுத்துவிட்டு, பழக வைத்திருந்த சுத்தமான பொடி ஒன்றை வைத்தாள். அதில் இருப்பது ஒரே வகை மூலக்கூறு, ஒரே எடை. பம்பு காற்றை இழுத்து முடிக்கும்வரை காத்திருந்தாள். அவர் வைத்த அதே உச்சத்தில் சுட்டாள். ஒற்றைக் கோடு வர வேண்டிய திரையில் நேற்றைய பெரிய உருப்படிகளின் கோடுகளே மலைத்தொடர்போல் எழும்பின.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி விடு. அப்புறமா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். கூப்பிட்டவங்களைத் திருப்பி அனுப்பினா மானம் போயிடும். உங்க அக்காவும் வர்றா. அங்க வந்து எதையாவது உளறி வைக்காதே."

செய்ததையும் செய்துவிட்டு உளறாதே என்கிறார்!

மத்தியானம் கூட்டத்தில் அவர் வெளுத்து வாங்கினார். வானத்துக் கல்லில் இவ்வளவு பெரிய மூலக்கூறுகளை இதுவரை யாரும் பார்த்ததில்லை என்றார். அதோடு விட்டாரா? "இந்தப் பெருமை முழுக்க எங்க பட்டாசுக்குத்தான்!" என்று அவளை மேடைக்கு வேறு கூப்பிட்டார். புகழ்ந்தால் வாயை மூடிக்கொள்வாள் என்று கணக்கு. முன்வரிசையில் அக்கா முகமெல்லாம் பல்லாகக் கைதட்டினாள்.

பட்டாசு மைக்கை வாங்கினாள். "சார் காட்டின படம் கல்லோட படம் இல்லீங்க. பவரை ஏத்தி நாங்களே சமைச்சது. காலையில சாதாரணப் பொடியைச் சுட்டேன், இதே படம்தான் வந்தது. சார் பக்கத்துல நின்னு பார்த்தாரு."

அக்காவின் கைதட்டல் பாதியில் நின்றது. அத்தான் மைக்குக்குக் கை நீட்டினார். "சின்னப் பொண்ணு, கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு..."

"சின்னப் பொண்ணா? நான் சொன்னதுல எது பொய்? அதைச் சொல்லுங்க!"

அவர் அக்காவைப் பார்த்தார். "என்னை ஏன் பார்க்கிறீங்க?" என்றாள் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி. "அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பின்வரிசையிலிருந்து ஒரு நிருபர் எழுந்தார். "அப்போ அந்தக் கல்லுல நிஜமா என்னதான் இருந்துச்சு மேடம்?"

அதுவரை நெருப்பாக நின்றவள், சார் காட்டிய படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள். "இனிமே யாராலயும் தெரிஞ்சுக்க முடியாது."