வேலி ஓட்டை
மேற்கு வர்ஜீனியாவில் மரக்கம்பெனிக்காரன் வேலி போட்டு வளைத்திருந்த அருவிக்காட்டை மாநில அரசு வாங்கிப் பூங்காவாக்கியது. "யாரும் வரலாம், இலவசம்" என்று வாசலில் பலகை. சுரங்கத் தொழிலாளியின் மனைவி வெல்டா அதை நம்பவில்லை. சும்மா கொடுக்கிற சர்க்காரை எந்த ஊரில் பார்த்தோம்? ஞாயிற்றுக்கிழமை சோள ரொட்டிக் கூடையோடு, வழக்கம்போல வேலி ஓட்டையில் குனிந்து நுழைந்தாள். எதிரே பூங்காக் காவலாளி ஹார்லன் நின்றான்.

"ஏம்மா, வாசல்தான் திறந்து கெடக்கே! பாவாடையக் கிழிச்சுக்கிட்டு எதுக்கு இப்படி வர்றீங்க?"

"திறந்தவனுக்குப் பூட்டவும் தெரியும், தம்பி. கம்பெனிக்காரனும் மொதல்ல 'உங்க காடுன்னே நெனச்சுக்கங்க'ன்னுதான் சொன்னான். இந்த ஓட்டை எங்கப்பா போட்டது. இதுக்குப் பூட்டே கெடையாது."

ஹார்லன் ஓட்டையை அடைக்கக் கொண்டுவந்த கம்பிச் சுருளை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.