ஒருத்திக்கு மட்டும் இடம்

வெளிச்சம் வருவதற்கு முன்பே எங்கள் சலவை ஆலையில் துணி தேய்க்கிற ரோலர் சூடாகிவிடும். ஆஸ்பத்திரியிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வருகிற விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்து, ஈரத்தோடு எங்கள் பக்கத்தில் மலையாகக் குவித்துவிட்டுப் போவார்கள். நானும் பெரியக்காவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, சுருக்கமில்லாமல் ரோலரின் வாய்க்குள் விடவேண்டும். அந்தப் பக்கம், நாங்கள் 'கண்ணாடி' என்று கூப்பிடுகிறவளும் இன்னொருத்தியும் சுடச்சுட வாங்கி மடிப்பார்கள். எங்கள் விரல் நுனிகளில் சூடு உறைப்பது எப்போதோ நின்றுவிட்டது. சோப்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்த நெடி தலைமுடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, எப்படிக் குளித்தாலும் இறங்காது. "நீ வர்றது தெருமுனையிலயே தெரிஞ்சுடுது, ஆஸ்பத்திரியே நடந்து வர்ற மாதிரி" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் மூட்டை தூக்குகிறவர். அவர் மேல் மட்டும் என்ன சந்தனமா மணக்கிறது?

பெரியக்கா எங்கள் எல்லாருக்கும் மூத்தவள், யாரிடமும் பட்டென்று பேசிவிடுவாள். கண்ணாடி எங்களில் சின்னவள். தடித்த மூக்குக்கண்ணாடி ஆவியில் மங்கிவிடுவதால் பாதி நேரம் அதை நெற்றியில் ஏற்றித்தான் வைத்திருப்பாள்.

"என்னடி, உன் இரட்டைப் பொண்ணுங்களுக்கு ஸ்கூல் யூனிபார்ம் தெச்சாச்சா?" என்று பெரியக்கா அன்று காலை கேட்டாள்.

"ஆச்சுக்கா" என்று மென்று விழுங்கினேன். தைத்திருந்தது ஒன்றுதான்.

ஏன் ஒன்று என்று புரிய, பள்ளி வவுச்சர் கதையைச் சொல்லவேண்டும். போன வருஷம் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிள்ளையின் படிப்புக்கான பணம் இனிமேல் நேராகப் பள்ளிக்குப் போகாதாம். பிள்ளையின் பேரில் ஒரு வவுச்சராக நம் கைக்கு வரும். நமக்குப் பிடித்த பள்ளியில் அதைக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம், தனியார் பள்ளியானாலும் சரி. அதைக் கேட்டுக் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. ஏன் தட்டக்கூடாது? எங்கள் தெரு கவர்மெண்ட் பள்ளியில் மழை பெய்தால் மூன்றாம் வகுப்பு எழுந்து நான்காம் வகுப்புக்குள் போய் உட்காரும். கக்கூஸுக்குக் கதவு கிடையாது. டீச்சரம்மா வந்தால் வந்தாள், இல்லாவிட்டால் இல்லை. காசுள்ளவன் பிள்ளைக்கு எப்போதும் இருக்கிற வசதி நம் பிள்ளைக்கும் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் முதலாளி சும்மா இருப்பாரா? சலவை ஆலைக்குப் பின்னாலிருந்த காலி மனையில் மளமளவென்று மூன்று மாடி எழுப்பிப் பள்ளி என்று போர்டு மாட்டினார். வவுச்சர் போக மீதிக் கட்டணத்தை எங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். அதே சூட்டில் ஓவர்டைம் பணத்தையும் நிறுத்தினார். "எல்லாம் உங்க பிள்ளைங்களுக்காகத்தானே" என்றார். இங்கே வேலையை விட்டால் அங்கே பிள்ளையின் இடமும் போய்விடும் என்று எங்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

என் பெண்கள் இரட்டையர். இளையவளுக்குக் காது மந்தம். முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னால் எல்லாம் புரிந்துகொள்வாள், பதிலும் துடுக்காகவே வரும். முதலாளியின் பள்ளியில் இருவரையும் தனித்தனியாக உள்ளே கூட்டிப்போய்ப் பேசிப் பார்த்தார்கள். பிறகு ஒரு அம்மாள் சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள்.

"மூத்த பொண்ணு ரொம்ப பிரைட். இளைய பொண்ணுக்கு எங்க ஸ்கூல் சரிப்படாதும்மா. அதுக்கு ஏத்த மாதிரி வேற ஸ்கூலா நீங்களே பாத்துத் தேர்ந்தெடுத்துக்கங்க" என்றாள்.

தேர்ந்தெடுக்க வேறு என்ன இருந்தது? வவுச்சரெல்லாம் முதலாளி பக்கம் போய்விடும் என்பதால் கவர்மெண்ட் பள்ளியை மாதக் கடைசியில் மூடுகிறார்கள் என்று செய்தி வந்துவிட்டது. அதை விட்டால் அடுத்த கவர்மெண்ட் பள்ளி ஹைவேக்கு அந்தப் பக்கம். லாரி ஹாரன் காதில் விழாத பிள்ளையை அந்த ரோட்டைத் தாண்டி எந்தத் தாய் அனுப்புவாள்?

"ஒண்ணாவது கரையேறட்டுமே" என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பெரியக்கா கேட்ட அன்று சாயங்காலம் மூத்தவள் புது யூனிபார்மைப் போட்டு நிலைக்கண்ணாடி முன்னால் சுழன்றபோது, இளையவள் என் எதிரே வந்து நின்று, "என்னோடது எங்கம்மா?" என்றாள்.

"தையல்காரர் இன்னும் குடுக்கலடி."

அடுத்த நிமிஷம் காணோம். தையல்கடைக்கே ஓடியிருக்கிறாள். திரும்பி வந்தவள் முகத்தில் வருத்தமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"உனக்கு அளவே எடுக்கலையேன்னாரும்மா. பாவம், மறந்துட்டாரு. அக்கா அளவுலயே தெச்சுடுங்க, நாங்க ரெண்டு பேரும் ஒரே அளவுதான்னு சொல்லிட்டு வந்தேன்."

நான் துணி காயப்போடுகிற சாக்கில் பின்பக்கம் போய் அழுதேன்.

மறுநாள் ரோலர் முன்னால் நின்றபோதும் அந்தக் குரலே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. என் முனை கை நழுவியது. விரிப்பு கோணலாக உள்ளே போய் ரோலரைச் சுற்றிக்கொண்டது. இழுக்கப் போன என் முழங்கைக்குக் கீழே சுரீரென்றது. கண்ணாடி பாய்ந்து நிறுத்தினாள். தீய்ந்த வாடை எழுந்தது, துணியுடையதா தோலுடையதா என்று தெரியவில்லை.

பெரியக்கா என் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு கத்தினாள். "புத்தியை எங்கடி வெச்சிருக்க? கையே போயிருக்கும்!"

"சின்னவளை எடுக்கலக்கா" என்றேன். "காது கேக்கலன்னு வேணாம்னுட்டாங்க. உன்கிட்ட பொய் சொன்னேன்."

பெரியக்கா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். பிறகு கண்ணாடி மெல்ல, "என் பையனையும் எடுக்கல" என்றாள். "எழுத்துக் கூட்டிப் படிக்கறான், லேட்டுன்னாங்க. எங்களுக்கே இஷ்டமில்லன்னு உங்ககிட்ட எல்லாம் பூசி மெழுகிட்டேன்."

துவைக்கிற பக்கமிருந்து ஒருத்தி வந்தாள், அவள் பேத்திக்குக் கால் கொஞ்சம் இழுக்கும். மூட்டை கட்டுகிறவர் பையன் ஓரிடத்தில் உட்காரமாட்டானாம். கடைசியாகப் பெரியக்கா என் கையை விட்டாள்.

"என் கடைக்குட்டிக்கு வாய் திக்கும்ல. உள்ள கூட விடலடி" என்றாள். அந்த வாயாடி அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தாள்.

இத்தனை நாளும் ஒரே ஆவியில் நின்று வெந்துகொண்டே, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் மூடி மறைத்திருக்கிறோம். என் பிள்ளையிடம்தான் குறை, என் வளர்ப்பில்தான் குறை என்று ஆளாளுக்குத் தனியாகக் குமைந்திருக்கிறோம். எனக்கு அழுகை போய் ஆத்திரம் வந்தது.

"நம்மளத் தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க" என்றேன். "தேர்ந்தெடுத்தது யாரு? அவங்கதானே?"

"துணி பிரிக்கற மாதிரி பிரிச்சிருக்காங்கடி" என்றாள் பெரியக்கா. "வெள்ளை ஒரு பக்கம், கறை ஒரு பக்கம்."

"வவுச்சர் இன்னும் நம்ம கையிலதானே இருக்கு?" என்று கண்ணாடி கேட்டாள். "நாளைக்குத்தானே குடுக்கணும்?"

அவள் கேட்ட பிறகுதான் எங்களுக்கே அது உறைத்தது. மூன்று மாடியும் எங்கள் வவுச்சரை நம்பி எழுந்தது. ஒருத்தி கொடுக்காவிட்டால் முதலாளிக்கு ஒன்றுமில்லை, எல்லாரும் கொடுக்காவிட்டால் வகுப்பறைகள் காலி. மத்தியானத்துக்குள் பேச்சு முடிந்தது. எல்லாப் பிள்ளையையும் எடுத்தால் எல்லா வவுச்சரும் அவருக்கு. இல்லையென்றால் அத்தனையும் எங்கள் தெரு கவர்மெண்ட் பள்ளிக்கு; அவ்வளவு வவுச்சர் வந்தால் அதை மூட முடியாது.

"அங்க போனாலும் சும்மா இருக்கக் கூடாது" என்றாள் பெரியக்கா. "கக்கூஸுக்குக் கதவு கேப்போம். டீச்சரம்மா தினம் வரணும்னு வாசல்லயே நிப்போம்."

பாய்லர்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "என் ரெண்டு பசங்களையும் எடுத்துட்டாங்க. நான் ஏன் கெடுத்துக்கணும்?" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. முந்தின நாள்வரை நானும் அப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் மூத்தவளின் யூனிபார்மை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அவள் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் வவுச்சர்களையெல்லாம் ஒரு தலையணை உறையில் போட்டுப் பெரியக்கா கையில் கொடுத்துவிட்டு ஆலை முற்றத்தில் நின்றோம். முதலாளி காரைவிட்டு இறங்கினார்.

"என்ன, ரோலர் சத்தமே காணோம்?"

"ஓடும் சார். ஒரு வார்த்தை பேசிட்டு ஓடும்" என்று பெரியக்கா விஷயத்தைச் சொன்னாள். நிறுத்திய ஓவர்டைமையும் மறக்காமல் கேட்டாள்.

அவர் சிரித்தார். "உங்களுக்கு இஷ்டப்பட்ட ஸ்கூல்னா எனக்கும் இஷ்டப்பட்ட பிள்ளைங்க வேணும்ல? நான் என்ன தர்மசத்திரமா நடத்தறேன்?"

"காசு தர்றது கவர்மெண்ட்தானே சார்? எங்க எல்லார் காசும்தானே அது?" என்றாள் பெரியக்கா.

"சரி, கொண்டுபோய் அந்த ஒழுகற கொட்டாய்லயே போடுங்க. உங்க பிள்ளைங்க தலையில நீங்களே மண்ணைப் போட்டுக்கங்க."

அது சுருக்கென்று தைத்தது, பாதி உண்மை என்பதால். எங்களுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவர் அதைக் கவனித்தார். கூட்டத்தைக் கண்ணாலேயே துழாவி என்னிடம் வந்து நின்றார். கையில் கட்டோடு நின்ற என்னிடம் குரலைத் தணித்துப் பேசினார்.

"உன்னோடதுதானே அந்த இரட்டைப் பிள்ளைங்க? அந்த இன்னொண்ணையும் எடுத்துக்கறேன்மா. ரெண்டும் திங்கக்கிழமையே வரட்டும். உன் வவுச்சரை மட்டும் அந்த உறையிலேர்ந்து எடுத்து எங்கிட்ட குடுத்துட்டுப் போய் ரோலரைப் போடு."

என் மனசு துள்ளியது. இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு, ஒரே யூனிபார்மில், ஹைவே பக்கமே போகாமல். இதற்குத்தானே உருகிக்கொண்டிருந்தேன்? கால் ஒரு எட்டு முன்னால் போய்விட்டது.

"போடி" என்றாள் பெரியக்கா என் பின்னாலிருந்து. "போய்ச் சேத்துடு. நாங்க யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்." தலையணை உறைக்குள் கையை விட்டு என் வவுச்சரைத் தேட ஆரம்பித்தாள்.

அவள் திட்டியிருந்தால் போயிருப்பேன்.

"சார், பெரியக்காவோட கடைசிப் பையன்?" என்று கேட்டேன்.

"அதை அப்புறம் பாக்கலாம்."

"கண்ணாடியோட பையன்?"

"உனக்கு உன் பிள்ளை பெருசா, ஊரான் பிள்ளை பெருசா?"

"என் பிள்ளைதான் சார் பெருசு" என்றேன். "அதனாலதான் பயமா இருக்கு. இன்னைக்கு நீங்களா எடுத்துக்கறீங்க. நாளைக்கு நீங்களா வேணாம்னு அனுப்பினா, அப்ப எனக்காகக் கேக்க யாரு இருப்பா? எல்லாரையும் எடுங்க. என் ரெண்டும் அவங்களோடயே வரும்."

அவர் முகம் இறுகியது. "பாய்லரை அணை" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "வேலை வேணுங்கறவன் இன்னும் கொஞ்ச நேரத்துல உள்ள வரலாம். வராதவன் நாளைக்கும் வர வேணாம்."

பாய்லர்காரர் எங்களைப் பார்க்காமல் வால்வைத் திருகினார். நீராவி சீறிக்கொண்டே அடங்கியது. ஆஸ்பத்திரி வண்டி கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தது, யாரும் திறக்கப் போகவில்லை. நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மற்றவர்கள் அழுக்கு மூட்டைகள் மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். கண்ணாடி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"உட்காருடி" என்றாள் பெரியக்கா. "நின்னா மட்டும் ஓவர்டைம் குடுக்கப் போறாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன்.